சுவருக்குள்ளை கறையான்: கமரா, ராடார் எல்லாம் உண்மையா வேலை செய்யுமோ?

மழைக்குருவி – வெள்ளவத்தை

முந்தநாள் பின்னேரம் மழை விட்டு அரை மணித்தியாலம் இருக்கும். ஹோல் லைற்றைப் போட்டதுதான் தாமதம், ஈசல். யன்னலாலை வாறதுதானே எண்டு முதல் கவனிக்கேல்லை. பிறகு பாத்தால் யன்னல் எல்லாம் பூட்டு. சாமியறைக் கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலை மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அதுக்குள்ளாலை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா, தேர் முடிஞ்சு சனம் வீதியாலை வெளிக்கிடுற மாதிரி வந்துகொண்டிருக்குது. விடியக் கூட்டி அள்ளினால் ஒரு தட்டம் நிறைய இறகு.

கடற்கரைப் பக்க ஒழுங்கை, கீழ்வீடு. அப்பா 1997இல் வாங்கினவர், அப்பவே பழைய வீடுதான். அந்த நிலைக்கு மற்றப் பக்கம்தான் அவற்றை புத்தக அலுமாரி. யாழ்ப்பாணத்திலை இருந்து பெட்டி பெட்டியாக் கொண்டு வந்ததெல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்கு.

ரெண்டு கம்பனிக்குக் கோல் எடுத்தனான். முதலாவது, "தெர்மல் கமரா வைச்சு எக்ஸ்ரே மாதிரிச் சுவருக்குள்ளை பாப்பம், பாக்கிறதுக்குக் காசில்லை, மருந்தடிக்கிறதுக்குத்தான்" எண்டது. மற்றது ராடார் வைச்சிருக்கினமாம், வந்து பாக்கவே காசு. உந்த மெசினுகள் உண்மையா ஏதும் காட்டுமோ, இல்லாட்டி எங்களுக்குக் காட்டுறதுக்கோ? ஆரும் செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.

சுண்டங்கத்தரி – பம்பலப்பிட்டி

ஒரு தட்டம் ஈசலை விட்டிட்டு இறகைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள். எங்கட பாட்டி இருந்தால் பொரியரிசியோடை வறுத்திருப்பா.

பழைய ஓவர்சியர் – கிருலப்பனை

பிள்ளை, பகிடியை விடுங்கோ, உது சின்ன விசயமில்லை. முதல் அந்த இறகை எடுத்துப் பாருங்கோ. நாலும் ஒரே நீளமோ? கறையான் ஈசலுக்கு நாலும் சமன். எறும்புக்கு முன் இறகு நீளம், பின் இறகு கட்டை, இடுப்பும் ஒடுங்கியிருக்கும். கறையானுக்கு இடுப்பே இல்லை.

கறையான்தான் எண்டால், வீட்டுக்குள்ளை இருந்து ஈசல் கிளம்பினது நேற்று முந்தநாள் வந்த கூட்டிலை இருந்தில்லை. புதுக்கூடு ஈசல் விடாது, பல வருசம் வளர வேணும். ஆனபடியால் நாளைக்கே எண்டு ஓட வேண்டாம், மூண்டு நாள் பொறுத்தால் வீடு விழாது. ஆனால் ஒண்டு மட்டும் செய்யாதேங்கோ. கடையிலை விக்கிற ஸ்பிறேயை அந்த வெடிப்புக்குள்ளை அடிக்க வேண்டாம், மண்குழாய் கண்டால் உடைக்கவும் வேண்டாம். கலைச்சுவிட்டால் வழியை மாத்திக்கொண்டு போயிடும். பிறகு எந்த மெசின் வைச்சாலும் ஒண்டும் இருக்காது, வந்தவன் "கிளியர்" எண்டு எழுதித் தந்திட்டுப் போவான்.

ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, பிடிப் பக்கத்தாலை நிலையைக் கீழை இருந்து மேலை ஒவ்வொரு சாணுக்கும் தட்டுங்கோ. நல்ல மரம் "டொக்" எண்டும், உள்ளை கோது எண்டால் "டப்" எண்டு செத்த சத்தம் வரும். நிலம் முட்டுற அடி, பாத்ரூமோடை சேர்ந்த சுவர், குசினிச் சிங்குக்குக் கீழை, சுவரோடை ஒட்டி வைச்ச அலுமாரிக்குப் பின்னாலை எல்லாம் பாருங்கோ. நிலை என்ன மரம்?

மழைக்குருவி

நாலும் ஒரே நீளம். நிலை முதிரை எண்டுதான் அப்பா சொல்லுவார். முதிரையைக் கறையான் தின்னாது எண்டும் சொல்லுவார்.

பழைய ஓவர்சியர்

மரத்தின்ரை நடுவிலை இருக்கிற வைரத்தைத் தின்னாது, அது சரி. சுத்திவர இருக்கிற வெளிறைத் தின்னும். முதிரை எண்டு விக்கிறதிலை ஒரு பக்கம் வெளிறு விட்டுத்தான் அறுத்திருப்பினம், அந்தப் பக்கத்தைச் சுவருக்குள்ளை திருப்பிப் போட்டால் வாங்கினவருக்கும் தெரியாது. மொறட்டுவைத் தச்சுப் பாஸ்மார் இதைக் கேட்டால் என்னோடை சண்டைக்கு வருவினம், வரட்டும்.

மின்பொறி – நுகேகொடை

எக்ஸ்ரே எண்டு சொன்ன இடத்திலேயே போனை வைச்சிருக்க வேணும்.

நான் வேலைக்குத் தெர்மல் கமரா பாவிக்கிறனான். மெயின் போர்டிலை எந்த வயர் சூடாகுது எண்டு பாக்கிறதுக்கு. அதாலை ஒண்டைத் தெளிவாச் சொல்லலாம், அந்தக் கமரா சுவருக்குள்ளை பாக்காது. சுவரின்ரை மேல்தோல் என்ன சூட்டிலை இருக்கு எண்டு மட்டும்தான் பாக்கும். நல்ல கமரா ஒரு பாகையிலை இருபதிலை ஒரு பங்கு வித்தியாசத்தையும் பிடிக்கும், ஆனால் பிடிக்கிறது மேல்தோலைத்தான். யன்னல் கண்ணாடிக்கு நேரை பிடிச்சுப் பாருங்கோ, வெளியிலை நிக்கிற மாமரம் தெரியாது, உங்கட முகம்தான் புகார் மாதிரித் தெரியும்.

கறையான் எப்பிடித் தெரியுது எண்டால் ரெண்டு வழி. பெரிய கூடு எண்டால் அதுகளின்ரை உடம்புச் சூட்டாலை அந்த இடம் கொஞ்சம் வெப்பமா இருக்கும். மற்றது, அதுகள் மண்ணையும் ஈரத்தையும் கொண்டு வந்து அப்பினபடியால் அந்த இடம் ஈரம் ஆவியாகிக் குளிரா இருக்கும். அதாவது, சூடு எண்டாலும் கறையானா இருக்கலாம், குளிர் எண்டாலும் கறையானா இருக்கலாம். சூடு எண்டால் சுடுதண்ணிக் குழாயாவும் இருக்கலாம், வயராவும் இருக்கலாம், பின்னேர வெயில் பட்ட சுவராவும் இருக்கலாம். குளிர் எண்டால் ஒழுகுற குழாய், ஏ.சி. தண்ணி போற வழி. கமரா நிறத்தைத்தான் தரும். அது என்ன எண்டு சொல்லுறது கமராவைப் பிடிக்கிற ஆள்.

இன்னொண்டு. யூரியூப்பிலை நீங்கள் பாக்கிற வீடியோக்கள் அவுஸ்திரேலியா, அமெரிக்கா வீடுகள். அங்கை உட்சுவர் மரச்சட்டத்துக்கு மேலை அரை அங்குல ஜிப்சம் பலகை, உள்ளை வெறும் இடைவெளி. கூட்டின்ரை சூடு உடனை மேலை தெரியும், படம் நெருப்பு மாதிரி வரும். எங்களுக்கு ஒன்பது அங்குலச் செங்கல், அதுக்கு மேலை முக்கால் அங்குலப் பூச்சு. சூடு வெளியிலை வர முதலே பரவிப் போயிடும். அதோடை கொழும்பிலை உள்ளுக்கும் வெளியிலுக்கும் சூட்டு வித்தியாசமே குறைவு. இங்கை பாக்கிறதெண்டால் விடியக் காலமை ஐஞ்சரை ஆறு மணி, இல்லாட்டி அறையை ஒரு மணித்தியாலம் ஏ.சி. போட்டுக் குளிராக்கிப்போட்டு. நிலை, சீலிங், மரத் தடுப்பு, கப்பேட் இதுகளிலை தெர்மல் பரவாயில்லை. செங்கல் சுவருக்குள்ளை எண்டால் என்ரை நம்பிக்கை குறைவு.

போனிலை கொழுவுற சின்னக் கமராக்கள் வருது, ஃபிலிர் வன் மாதிரி. அதிலை மலிவானதுக்கு 80க்கு 60 புள்ளிதான், மொத்தம் 4800. ஒரு சுவரை முழுக்க 4800 புள்ளியிலை பாத்தால் கறையான் என்ன, பூனை நிண்டாலும் வட்டமாத்தான் தெரியும். கிட்டப் பிடிச்சுப் பாக்க வேணும்.

தெஹிவளை நாநா

மின்பொறி சொன்னத நான் காசு குடுத்துப் படிச்சேன். போன வருசம் நம்மட வீட்டுக்கு ஒரு கம்பனியில இருந்து ரெண்டு பொடியன்மார் வந்தாங்க. பகல் ஒரு மணி, நல்ல வெயில். கமராவத் திருப்பித் திருப்பிப் புடிச்சிட்டு பாத்ரூம் சுவர்ல ஒரு செம்மஞ்சள் திட்டக் காட்டி "இந்தா கூடு" என்டாங்க. படத்தப் பாத்தா எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சுது, எரியிற அடுப்பு மாதிரி. உம்மா பயந்துட்டாங்க. சரி உடைங்க என்டேன்.

ரைல்ஸ் பதினொண்ட உடைச்ச பொறகு உள்ள பாத்தா கீசர்ல இருந்து வாற சுடுதண்ணிப் பைப். அதுலயும் ஒழுக்கு கூட இல்ல, சும்மா நல்லாத்தான் இருக்கு. அந்த நிறத்துல ரைல்ஸ் இப்ப எங்கயும் இல்ல. பாத்ரூம்ல ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் வெள்ள.

கறையான் இருந்தது எங்க தெரியுமா, பான்ட்ரி கப்பேட் முதுகுப் பலகையில. எம்.டி.எஃப் பலகை, சிங்குக்குப் பின்னால. என்ட மக கரண்டி எடுக்கப் போகக்குள்ள வெரல் பலகைக்குள்ள போயிட்டுது. கறையான் தின்னதவிட ஸ்கான் தின்னதுதான் கூட.

ஆறாம்மாடி – கொட்டாஞ்சேனை

இந்தக் கேள்வியோட சேர்த்து எனக்கும் ஒரு பதில் சொல்லுங்க. நாங்க தொடர்மாடியில ஆறாவது மாடி. அலுமாரிக்கு அடியில தினம் கசகசா மாதிரி ஒன்னு குவியுது. கூட்டுனா மறுநாள் திரும்ப. மேனேஜ்மென்ட்ல கேட்டா "ஆறாம் மாடிக்குக் கறையான் எப்படிங்க ஏறும், நிலத்துல இருந்துதானே வரும்" அப்படின்னு சிரிக்கிறாங்க. போன்ல பெருசாக்கிப் படம் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையா, செதுக்கி வச்ச மாதிரி இருக்கு.

மின்பொறி

சிரிக்கிறவையைச் சிரிக்க விடுங்கோ. ஆறு பட்டை எண்டால் உலர்மரக் கறையான். அதுக்கு மண்ணும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம், மரத்துக்குள்ளை இருக்கிற ஈரமே காணும். நீங்கள் காணுறது அதின்ரை எச்சம், சின்ன ஓட்டையாலை வெளியிலை தள்ளிவிடும். மாடி ஏறி வரேல்லை, அலுமாரிக்குள்ளை இருந்து லிஃப்டிலைதான் வந்திருக்கும். பழைய அலுமாரி வாங்கினியளோ?

ஆறாம்மாடி

ஐயோ. ஆமாங்க, மாமனார் வீட்டு அலுமாரி.

ஹட்டன்ல தோட்டத்துல இருக்கப்ப எங்கப்பா சொல்வார், உசுரோட இருக்கிற தேயிலைச் செடிக்குள்ளயே கறையான் கூடு வைக்கும்னு. கவாத்து வெட்டுற இடத்து வழியா உள்ள போயி, செடி பச்சையா நிக்கும், தண்டு குழலா இருக்கும். அத நெனைச்சா இது பரவாயில்ல போல. ஆனா இப்ப இதுக்கு எந்த மெசின்?

பழைய ஓவர்சியர்

மெசினுக்கு முதல் ஒரு கறுப்புக் கடதாசி. துப்புரவாக் கூட்டிப்போட்டு அலுமாரிக்குக் கீழை விரியுங்கோ. விடியப் பாத்தால் குவியல் நேரை மேலை எந்த ஓட்டையிலை இருந்து விழுகுது எண்டு தெரியும். ஒரு எச்சரிக்கை: கதவைப் படாரெண்டு சாத்தினால் செத்துப்போன கூட்டிலை இருந்தும் பழைய எச்சம் உதிரும். ரெண்டு மூண்டு நாள் அலுமாரியைத் தொடாமல் விட்டுப் பாருங்கோ. அப்பவும் விழுந்தால் உள்ளை ஆள் இருக்கு.

தூரதேசத்தான் – பிரிஸ்பேன்

வெள்ளவத்தையிலை வளந்தவன், இப்ப இருபது வருசமாக் குயின்ஸ்லாந்து. இங்கை வீட்டை வாங்க முதல் கறையான் பரிசோதனை அறிக்கை பாக்காமல் ஒருத்தரும் கையெழுத்துப் போடமாட்டினம். குறைஞ்சது பன்னிரண்டு மாசத்துக்கு ஒருக்கால் பாக்கச் சொல்லி இங்கத்தைய தரநியமமே சொல்லுது. ஆனபடியால் ராடாரை நான் பல தடவை கண்டிருக்கிறன். டெர்மட்ராக் எண்டு இங்கையே செய்யிற சாமான்.

அது கமரா மாதிரியில்லை. நுண்ணலையை மரத்துக்குள்ளை அனுப்பும், உள்ளை ஏதும் அசைஞ்சால் திரும்பி வாற அலை மாறும், திரையிலை கோடு எழும்பும். சூடு, குளிர் எண்டு ஊகிக்காமல் அசைவையே பிடிக்குது. அதுதான் இதின்ரை பெரிய பலம். அதே கருவிக்குள்ளை ஈரம் பாக்கிறதும் சூடு பாக்கிறதும் சேர்ந்திருக்குது.

பலவீனமும் அதிலைதான். அசைவு எண்டால் எல்லா அசைவும். பிடிக்கிற கை நடுங்கினால் கோடு எழும்பும். சுவருக்கு மற்றப் பக்கம் ஆள் நடந்தாலும், திரைச்சீலை ஆடினாலும் எழும்பும். தகரம், இரும்புத் தகடு குறுக்கை நிண்டால் அதுக்குப் பின்னாலை ஒண்டும் தெரியாது. ஈரம் ஊறின சுவரிலும் அலை தூரம் போகாது. அதாலை விசயம் தெரிஞ்ச ஆள் கருவியைக் கையிலை வைச்சிருக்க மாட்டான். ஸ்ராண்டிலை பூட்டிச் சுவரோடை சாத்திப்போட்டு, தான் தள்ளி நிண்டு பாப்பான். கறையான் இல்லாத ஒரு நல்ல இடத்திலையும் வைச்சு ஒப்பிட்டுப் பாப்பான், சந்தேகமான இடத்திலை மூண்டு நாலு தரம் வைப்பான். இதுகளை ஒண்டும் செய்யாமல் ஒரே தரத்திலை "இருக்கு" எண்டு சொல்லுறவனுக்குக் காசு குடாதேங்கோ.

நாயும் இருக்கு. அமெரிக்காவிலை பீகிள் நாயளைப் பழக்கி மணத்தாலை பிடிக்கினம். புளோரிடாப் பல்கலைக்கழக ஆக்கள் செய்த சோதனை 2003இல் வெளிவந்தது, நல்லாப் பழக்கின நாயள் நூற்றுக்குத் தொண்ணூற்றைஞ்சு தரத்துக்கு மேலை சரியாக் காட்டினதாம்.

சுண்டங்கத்தரி

எங்கட நாய் மீன்காரன் வந்தால்கூட எழும்பாது.

புதுயுகம் – வத்தளை

ஏன் இவ்வளவு கஷ்டம்? போனுக்கு ஆப் இருக்கு. போனைச் சுவரில் வைத்தால் கறையான் மரம் தின்னும் சத்தத்தைக் கேட்டுச் சொல்லும். பிளக்கில் மாட்டும், காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் அல்ட்ராசோனிக் கருவி ஒன்றும் வாங்கி வைத்தால் கறையானே வராது. நான் இரண்டும் வைத்திருக்கிறேன், எங்கள் வீட்டில் கறையான் இல்லை.

மின்பொறி

எங்கட வீட்டிலை யானை இல்லை, நான் ஒரு கருவியும் வைக்கேல்லை.

சத்தத்தாலை கண்டுபிடிக்கிறது பொய்யில்லை. கறையான் மரநாரைக் கிழிக்கேக்கை நுண்ணிய வெடிப்புச் சத்தம் வரும். ஆபத்து எண்டால் காவற்கறையான் தலையை மரத்திலை அடிச்சு மற்றதுகளுக்குச் சொல்லும், அதைக் காது வைச்சும் கேக்கலாம். ஆனால் தின்னுற சத்தத்தைப் பிடிக்கிற கருவிகள் 20 கிலோஹேட்ஸுக்கு நல்லா மேலைதான் கேக்கும், ஏனெண்டால் அதுக்குக் கீழை பஸ், ஃபான், மனிசர் எல்லாம் இருக்கு. சென்சரை மரத்திலை திருகிப் பூட்டித்தான் கேக்கிறது. போன் மைக் செய்யப்பட்டது நாங்கள் கதைக்கிற சத்தத்துக்கு. காலி வீதியிலை வைச்சால் அது 100ஆம் நம்பர் பஸ்ஸைத்தான் கேக்கும்.

பிளக்கிலை மாட்டுறதைப் பற்றி: 2001இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு உந்த அல்ட்ராசோனிக் பூச்சி விரட்டி செய்யிற, விக்கிற அறுபதுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு, விளம்பரத்திலை சொல்லுறதுக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்க வேணும் எண்டு எச்சரிக்கைக் கடிதம் போட்டது. சாமான் இன்னும் விக்குது.

புதுயுகம்

சரி, ஆப்பை விடுங்கள். பிளக் கருவி எலிக்காவது உதவும்.

மழைக்குருவி

எல்லாருக்கும் நன்றி. ஓவர்சியர் ஐயா சொன்ன மாதிரித் தட்டிப் பாத்தனான். சாமியறை நிலையிலை இடப்பக்கம், நிலத்திலை இருந்து முழங்கால் உயரம் வரைக்கும் "டப்". அதுக்கு மேலை "டொக்". வலப்பக்கம் முழுக்க "டொக்". காதாலை கேட்ட வித்தியாசம் இவ்வளவு துலக்கமா இருக்கும் எண்டு நினைக்கேல்லை.

பிறகு தம்பி புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலை போனோடை கொழுவுற எண்டோஸ்கோப் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தான். நுனியிலை பென்சில் மொத்தத்துக்குக் கமரா, சுத்திவர சின்ன லைற்றுகள், மிச்சமெல்லாம் வயர். ஒண்டையும் உடைக்கேல்லை. நிலைக்கு மேலை அடிச்சிருந்த மூடுசட்டத்திலை ஏற்கெனவே ஒரு ஆணி ஓட்டை இருந்தது, அதைக் கொஞ்சம் அகலமாக்கி உள்ளை விட்டம்.

முதல் ஒண்டும் விளங்கேல்லை, எல்லாம் கபிலம். தம்பி வயரை மெள்ளத் திருப்பினான். மரம் இருக்க வேண்டிய இடத்திலை அடுக்கடுக்கா மண், மக்கின அட்டைப்பெட்டி மாதிரி. அதுக்கு இடையிலை வெள்ளையா ஏதோ ஓடினது. லைற் பட்டவுடனை எல்லாம் ஒதுங்கிட்டுது, ஒண்டு மட்டும் கமராவுக்கு நேரை வந்து நிண்டது. தேன் நிறத் தலை, கத்தரிக்கோல் மாதிரி ரெண்டு தாடை. அது வயரைக் கடிச்சது, நெத்தியிலை இருந்து பால் மாதிரி ஒரு துளி வந்தது. நாங்கள் ரெண்டு பேரும் மூச்சு விடாமல் பாத்துக்கொண்டு இருந்தம். அம்மா குசினிக்குள்ளை இருந்து "என்னடா படம் ஓடுது" எண்டு கேட்டா.

தூரதேசத்தான்

அந்தப் பால் துளிதான் முக்கியம். கொப்டோடேர்மிஸ் இனம், எங்கட ஊர் வீடுகளுக்குப் பெரிய எதிரி அதுதான். புற்றுக் கட்டி வெளியிலை காட்டாது. நிலத்துக்குக் கீழை கூடு, ஆனால் ஒழுகுற குழாய் மாதிரி ஈரம் கிடைச்சால் சுவர் இடுக்கிலேயே அட்டைக் கூடு கட்டிக்கொண்டு நிலத்துக்கு வராமலும் இருக்கும். நீங்கள் கண்ட "மக்கின அட்டைப்பெட்டி" அதுவாயிருக்கலாம். கிட்டத்திலை தண்ணி எங்கை எண்டு தேடுங்கோ.

மின்பொறி

ஈரம் பாக்கிற மீற்றர் வாங்கினால் ஒரு விசயம் கவனியுங்கோ. காத்திலை எப்பவும் இவ்வளவு ஈரப்பதன் இருக்கிற ஊரிலை நல்ல மரமே 15, 16 வீதம் காட்டும். 20க்கு மேலை போனால்தான் யோசிக்க வேணும். அதை மரத்திலை மட்டும் பாருங்கோ. உங்கட ஒழுங்கை கடற்கரைக்குக் கிட்ட, சுவர்ப் பூச்சிலை உப்பு ஊறியிருக்கும். ஊசி மீற்றர் மின்சாரம் போறதைத்தான் அளக்குது, உப்பு இருந்தால் காய்ஞ்ச சுவரும் ஈரம் எண்டு காட்டும்.

மழைக்குருவி

ராடார் ஆள் நேற்று வந்தவர். ஒரு அறுபது வயசு மனுசன், சிங்களம்தான் கதைச்சார், தம்பி மொழிபெயர்த்தான். தூரதேசத்தான் அண்ணை சொன்னது எல்லாத்தையும் ஒரு கடதாசியிலை எழுதி வைச்சுக்கொண்டு சோதினை எடுக்கிற ரீச்சர் மாதிரி நிண்டனான். மனுசன் ஸ்ராண்டை எடுத்துப் பூட்டினார். ஃபானை நிப்பாட்டச் சொன்னார். அம்மாவைக் கதிரையிலை இருத்தினார். முதல் ஹோலின்ரை மற்ற மூலையிலை இருக்கிற, கறையான் இல்லாத கதவு நிலையிலை வைச்சார், கோடு படுத்தே கிடந்தது.

சாமியறை நிலையிலை வைச்சார். கோடு மெள்ள மெள்ள எழும்பி விழுந்தது. எழுதினார். இன்னும் ஒரு சாண் மேலை வைச்சார், திடீரெண்டு கோடு முழுக்க எழும்பித் திரை நிரம்பிட்டுது. எனக்கு நெஞ்சு பக்கெண்டது. மனுசன் சிரிச்சுக்கொண்டு கையாலை "பொறுங்கோ" எண்டு காட்டினார். அப்பதான் எனக்கும் கேட்டது, ரயில். பாணந்துறைப் பக்கம் போற ரயில் எங்கட ஒழுங்கை முனையாலை போகுது. இந்த வீட்டிலை இருந்து பழகி எங்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழுறதில்லை. ரயில் போய்க் கோடு அடங்கும் மட்டும் பொறுத்து, திரும்ப மூண்டு தரம் வைச்சார். அந்த இடத்திலை ஒண்டும் இல்லை.

பிறகு தானாக் கேட்டார், "இந்தச் சுவருக்கு மற்றப் பக்கம் என்ன?" எண்டு. புத்தக அலுமாரி எண்டம். இழுக்கச் சொன்னார்.

அலுமாரிக்கு முதுகுப்பலகையே இல்லை. அதாவது, இருந்தது. அந்த இடத்திலை மண்ணாலை ஒரு படம் கீறி இருந்தது, வேர் பிரிஞ்சு பிரிஞ்சு போற மாதிரி. முன்பக்கத்தாலை பாத்தால் புத்தகம் எல்லாம் வரிசையா, முதுகு அட்டை தங்க எழுத்தோடை அப்பிடியே. நான் ஒண்டை இழுத்தனான். கனமே இல்லை. அட்டை ரெண்டும் என்ரை கையிலை, நடுவிலை கொஞ்சம் மண், கொஞ்சம் ஓரத்தாள். கீழ்த்தட்டு முழுக்க அப்பிடித்தான். நடுத்தட்டிலை பாதி. அப்பா கையெழுத்திலை பேர் எழுதின முதல் பக்கங்கள் சிலது தப்பியிருக்கு, ஏனெண்டால் மை பட்ட பக்கம் அட்டையோடை ஒட்டியிருந்தது.

ஒவ்வொரு வரியமும் சரஸ்வதி பூசைக்கு முன்வரிசையைத் துடைச்சுத்தான் வைச்சனான். பின்னுக்குக் கை போகேல்லை.

தெஹிவளை நாநா

தங்கச்சி, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நம்மட வாப்பாட கிதாபுகளும் பொலன்னறுவையில இப்பிடித்தான் போனது. தப்பினதத் தனியாப் பெட்டியில போடாதீங்க, முதல்ல ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சு நெழல்ல காய வைங்க. ஈரத்தோட மூடினா பூஞ்சணம் வரும்.

ஆறாம்மாடி

அக்கா, தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சீங்களா?

மழைக்குருவி

ஓம். சாமியறைச் சுவருக்கு வெளிப்பக்கம் ஏ.சி. தண்ணிக் குழாய். நிலத்தடிக் காணுக்குள்ளை போக வேண்டியது, முழங்கை மூட்டுக் கழண்டு சுவர் அடியிலேயே விழுந்துகொண்டிருந்தது. இடப்பக்க நிலையிலை மரத்து ஈரம் 31 வீதம். வலப்பக்க நிலையிலை 16.

இப்ப மருந்துக் கேள்வி. ராடார் மனுசன் அடிச்சுவர் ஓரம் அடிக்கு ஒண்டாத் துளை போட்டு மருந்து இறக்கவேணும் எண்டார். பின்வளவிலை கிணறு இருக்கு. குடிக்கிறேல்லை, உடுப்புத் தோய்க்கிறது மட்டும்.

பழைய ஓவர்சியர்

கிணறு எண்டு முதல் சொல்லியிருக்க வேணும் பிள்ளை. அவரிட்டை மருந்தின்ரை வியாபாரப் பேரைக் கேளாமல், உள்ளை என்ன மருந்து எண்டு கேளுங்கோ. போத்தலைக் காட்டச் சொல்லுங்கோ. இங்கை எந்தப் பீடைகொல்லியும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேணும், லேபலிலை பதிவு இலக்கம் இருக்கும். நான் வேலை பாத்த காலத்திலை குளோர்டேன் எண்டு ஒண்டு, அத்திவாரத்திலை வாளி வாளியா ஊத்துவம். மண்ணிலை இருந்து போகவே போகாது, அதுதான் அதின்ரை சிறப்பு எண்டு நினைச்சம். அதுவே குற்றமாப் போய் உலகம் முழுக்க விலக்கிட்டினம். ஆரும் பழைய சரக்கு இருக்கு எண்டு மலிவாத் தந்தால் துரத்திவிடுங்கோ.

மின்பொறி

இப்ப பாவிக்கிறதிலை ரெண்டு வகை. கறையான் கண்டு விலகிப்போற மருந்து ஒண்டு, பைஃபென்த்ரின் மாதிரி. விலகாமல் அதுக்குள்ளாலை நடந்து, மெள்ளச் செத்து, அதுக்குள்ளை மற்றதுகளுக்கும் பூசிவிடுறது மற்றது, ஃபிப்ரோனில் மாதிரி. உங்கட மாதிரி ஏற்கெனவே உள்ளை வந்த கேசுக்கு ரெண்டாவதுதான் நல்லது. ஆனால் ஃபிப்ரோனில் மீனுக்குப் பொல்லாத நஞ்சு. கிணத்துப் பக்கச் சுவரிலை மண்ணுக்குள்ளை இறக்க விடாதேங்கோ.

தூரதேசத்தான்

கிணத்துப் பக்கத்துக்குத் தூண்டில் மாதிரிப் பொறி வைக்கலாம். பெட்டிக்குள்ளை மரக்கூழும் ஹெக்சாஃப்ளுமுரோன் மாதிரி மருந்தும். தின்ன கறையானுக்குத் தோல் கழற்ற ஏலாமல் போயிடும், கூட்டுக்கும் கொண்டுபோய் ஊட்டும். மண்ணிலை ஊத்துறதில்லை எண்டபடியால் கிணத்துக்குப் பயமில்லை. கனநாள் எடுக்கும், மாசக்கணக்கு. இங்கை சில பொறிகளிலை கறையான் வந்தால் தானே அறிவிக்கிற சென்சரும் வருது. உங்களுக்கு அது தேவையில்லை, மாசம் ஒருக்கால் மூடியைத் திறந்து பாத்தால் போதும்.

ஆறாம்மாடி

எங்க கதையும் முடிஞ்சுது. கறுப்புக் கடதாசியில ஒரே ஒரு இடத்துல குவிஞ்சுச்சு, மேல பார்த்தா கால் பக்கம் குண்டூசித் தலை அளவு ஓட்டை. மத்த பலகையெல்லாம் நல்லா இருக்கு. அலுமாரிய மாமனார் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாமான்னு கேட்டேன், வீட்டுக்காரர் பேச மாட்டேங்கிறார்.

மழைக்குருவி – மூன்று மாசத்துக்குப் பிறகு

கேட்ட ஆக்களுக்காக எழுதிறன். ஏ.சி. குழாயைத் திருத்தினது முதல் வேலை. முன்பக்கமும் சாமியறைச் சுவரும் துளை போட்டு ஃபிப்ரோனில், கிணத்துப் பக்கம் பொறி ரெண்டு. இடப்பக்க நிலையின்ரை அடியை வெட்டிப் புது மரம் பொருத்தினார் தச்சுப் பாஸ், வெளிறு இல்லாத துண்டா எண்டு ஓவர்சியர் ஐயா அனுப்பின படத்தை வைச்சுப் பாத்துத்தான் வாங்கினனான். பாஸுக்குக் கோவம்.

ராடார் மனுசன் நேற்றுத் திரும்ப வந்து பாத்தவர். நிலையிலை மூண்டு தரம், அலுமாரிச் சுவரிலை நாலு தரம். கோடு எழும்பேல்லை. ஒருக்கால் எழும்பினது, ரயில். நிலையிலை பென்சிலாலை திகதி போட்டு ஈரம் எழுதி வாறன்: 31, 24, 19, 17. புது அலுமாரி இரும்பு, சுவரிலை இருந்து நாலு விரல் தள்ளி நிக்குது. தப்பின புத்தகம் நூற்றிப் பன்னிரண்டு. எண்டோஸ்கோப்பாலை மாசம் ஒருக்கால் அந்த ஆணி ஓட்டைக்குள்ளை பாக்கிறம். உள்ளை காய்ஞ்ச மண் மட்டும்தான்.

சுண்டங்கத்தரி

அப்ப அந்த எண்டோஸ்கோப்பை ரெண்டு நாளுக்குத் தருவியளோ? மனிசியின்ரை மோதிரம் சிங்குக்குள்ளை விழுந்திட்டுது. அவவுக்கு இன்னும் தெரியாது.